தலைக்காசும் சொடுக்குக் காசும்: மாத்தளையிலிருந்து இணைய விளம்பரத்தை நோக்குதல்

தொடர்புசாதனங்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். அச்சியந்திரம், வானொலி, தொலைக்காட்சி, இணையம் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு கண்டுபிடிப்பாளரின் மூளையிற் பிறந்து, தன் சொந்த ஆற்றலினாலேயே சமுதாயத்தை மாற்றியது போன்ற தோற்றம் அங்கு ஏற்படுகின்றது. அக்கருவிகளைக் கொண்டு யார் யாரிடமிருந்து எதனைப் பெற்றனர் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. தேடுபொறி, இணையக் காணொளி, இணைய விளம்பரம் ஆகிய மூன்றையும் பற்றி அண்மைக்காலத்தில் தமிழில் வெளிவரும் எழுத்துக்களும் இந்தக் குறைபாட்டுக்கு விலக்கல்ல. ஒன்று வியப்பு, அன்றேல் அச்சம். இவ்விரண்டுக்கும் அப்பால் அவை செல்வது அரிது.

இக்கட்டுரையில் நாம் வேறொரு வழியை மேற்கொள்ள விரும்புகின்றோம். கலிபோர்னியாவிலிருந்து தொடங்காது மாத்தளையிலிருந்து தொடங்குவது பொருத்தமெனக் கருதுகின்றோம். இது பிரதேசப் பற்றினால் விளைந்த விருப்பமன்று. ஆட்களைத் திரட்டி, எண்ணி, தலைக்கு இவ்வளவென்று விலை பேசி, இடையில் நிற்பவன் பங்கு பெறும் முறை, மாத்தளை மாவட்டத்தின் பொருளாதார வாழ்வில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக வேரூன்றியுள்ளது. அம்முறையை அறிந்தவர்க்கு இணைய விளம்பரத்தின் இயக்கம் புதிராகத் தோன்றாது.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டினூடே தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்து மாத்தளையை அடைந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாத்தளையே மலைநாட்டின் வாயிலாக அமைந்தது. வழியில் கொள்ளை நோய்க்கும் பசிக்கும் பலியானோர் பலர். 1880இல் மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை வந்து சேர்ந்தது. அவ்வழியே வந்தவரைத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தவன் கங்காணி. அவன் வெறும் மேற்பார்வையாளன் அல்லன். ஆள் திரட்டுபவன், கடன் கொடுப்பவன், வேலை வாங்குபவன் என்ற மூன்றும் ஒருங்கே அமைந்த இடையாள். அவனது வருமானத்தின் ஒரு பகுதி, அவனுடைய கூட்டத்திலிருந்து அன்றாடம் வேலைக்கு இறங்கிய ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைந்தது. தலைக்காசு, பென்ஸ் காசு என அதன் பெயர்கள் வேறுபடினும் தத்துவம் ஒன்றே: எத்தனை தலையோ அத்தனை காசு. தொழிலாளி எவ்வளவு உற்பத்தி செய்தான் என்பது தோட்டத்துரையின் கவலை. எத்தனை பேர் பெரட்டுக்கு வந்தனர் என்பதே கங்காணியின் கவலை.

இத்துடன் துண்டு முறையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளியின் கடன் துண்டிலே குறிக்கப்படும். அக்கடனைச் செலுத்தும் தோட்டமே ஆளைப் பெறும். 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரை, ஆளைப் பற்றிய ஒரு குறிப்பே ஆளின் விலையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்த தகரத்துண்டும் அத்தகையதே. தோட்டத்தின் குறியீடு பொறித்த அத்தகரம் கழுத்திலே தொங்க, எவருடைய செலவில், எத்தோட்டத்துக்கு அவன் செல்கிறான் என்பதை எந்த அதிகாரியும் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். ஆளைப் பற்றிய தகவல், ஆளினின்றும் பிரிந்து தனியே கைமாறக்கூடிய ஒரு பொருளாகியது. எமது ஆய்வுக்கு இந்த அம்சமே முக்கியமானது.

இடைத்தரகின் மற்றொரு வடிவத்தை இன்றும் மாத்தளை வீதியிற் காணலாம். கண்டியிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக உள்ளன. மிளகு, சாதிக்காய், ஏலம், கொக்கோ முதலியவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கு இலவசமாகக் காட்டி, இறுதியில் விற்பனைக் கூடத்துக்கு அழைத்துச் செல்வது இவற்றின் முறை. பயணி எத்தோட்டத்தில் இறங்குவார் என்பதை மரங்களின் சிறப்புத் தீர்மானிப்பதில்லை. வாகனச் சாரதியும் வழிகாட்டியும் தீர்மானிக்கின்றனர். அவர்களுக்குரிய ‘கொமிசன்’ விற்பனை விலையிலேயே அடங்கியுள்ளது. மிளகைப் பயிரிட்ட உக்குவளை விவசாயிக்கும் அதனை வாங்கும் பயணிக்கும் இடையே விலை ஏன் அத்துணை விரிகின்றது என்பதற்கு இவ்வீதியே விடை. 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி கைமாறும் முறையைப் பற்றியும் இவ்வாறு நிறையக் கூறலாம். அது தனிக் கட்டுரைக்குரியது.

ஆளை எண்ணி விற்கும் முறை தொடர்புசாதனத் துறையில் எப்போது புகுந்தது? இலங்கையைப் பொறுத்தவரை 1950 செப்டெம்பர் 30இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் குறிப்பிடுதல் பொருந்தும். இந்திய வானொலியில் திரையிசைக்கு இடம் குறுகியபோது, 1952க்குப் பின்னர், பாடலைத் தேடிய இந்திய நேயர்கள் கொழும்பு அலைவரிசைக்குத் திரும்பினர். அவர்களைத் தேடிய விளம்பரதாரரின் பணமும் அதே வழியே வந்தது. தமிழ் வர்த்தக சேவையைத் தென்னிந்தியாவும் மலையகமும் ஒருசேரக் கேட்டன. விரும்பிய பாடலைக் கேட்டு அஞ்சலட்டை அனுப்பிய தோட்டத் தொழிலாளி, தன் பெயரும் தோட்டத்தின் பெயரும் வானொலியில் ஒலிப்பதைக் கேட்க விழைந்தான். நாட்டுரிமை மறுக்கப்பட்டு, அரசின் எப்பதிவேட்டிலும் குடிமகனாக இடம்பெறாத ஒருவனுக்கு அது சிறிய காரியமன்று. ஆயினும் அவ்வட்டை நிலையத்தை அடைந்தவுடன் வேறொரு பொருளைப் பெற்றது: விளம்பரதாரருக்குக் காட்டக்கூடிய எண்ணிக்கையாயிற்று.

கனடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய ஒரு கட்டுரை இவ்வுறவைக் கோட்பாடாக வகுத்தது. வணிகத் தொடர்புசாதனம் உற்பத்தி செய்யும் பண்டம் நிகழ்ச்சியன்று, நேயர் கூட்டமே என்பது அவரது வாதம். நிகழ்ச்சி, கூட்டத்தைத் திரட்டுவதற்கான செலவு மாத்திரமே. மார்க்சிய ஆய்வாளர் இதனைக் காணத் தவறினர் என்றும் அவர் குற்றஞ்சாட்டினார். குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் நேயர் தாம் கேட்கும் நேரத்தில் விளம்பரதாரருக்காக உழைக்கின்றனர் என்ற அவரது முடிவை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. இதனைப் பின்னர் நோக்குவோம்.

தேடுபொறியின் தோற்றத்துக்கு வருவோம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவராயிருந்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒரு பக்கத்தின் மதிப்பை அதனைச் சுட்டும் ஏனைய பக்கங்களைக் கொண்டு கணிக்கும் முறையை விளக்கியது. இம்முறையின் மூலப்பொருள் யாது? இலட்சக்கணக்கானோர் கூலியின்றி, தத்தம் தேவைக்காக, ஒருவர் பக்கத்தை மற்றவர் சுட்டி ஏற்படுத்திய இணைப்புகளே. 1840இன் முடிக்குரிய நிலச் சட்டத்தை இங்கு நினைவுகூராதிருக்க முடியவில்லை. உரிமைச் சான்று காட்ட இயலாத காடும் சேனையும் முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டு, தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. மாத்தளைக் கிராமத்தவர் தலைமுறைகளாக ஆண்ட பொதுநிலம் அவ்வாறே கைமாறியது. இணையத்தின் பொது இணைப்புகளை எவரும் பறித்துச் செல்லவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் பயனைக் கணித்து வைத்திருக்கும் உரிமை மட்டுமே தனியாரிடம் சென்றது.

அதே கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று அவ்விருவரும் எச்சரித்திருந்தமை சுவையான செய்தி. இரண்டு ஆண்டுகளில், 2000 ஒக்டோபரில், அவர்களது கூகிள் நிறுவனம் விளம்பரம் விற்கத் தொடங்கியது. முதலில் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவென்று விலை. சொற்களை ஏலம்விட்டு, பயனர் சொடுக்கும்போது மட்டும் பணம் பெறும் முறையை 1998இலேயே வேறொரு நிறுவனம் நடைமுறைப்படுத்தியிருந்தது. 2002இல் கூகிள் அதனைத் திருத்தியமைத்துத் தனதாக்கிக்கொண்டது. கேட்ட விலை மாத்திரமன்றி, விளம்பரம் சொடுக்கப்படும் வாய்ப்பும் சேர்த்துக் கணிக்கப்பட்டது. தலைக்காசு அப்போது சொடுக்குக் காசாயிற்று. தனிமனிதரின் ஒழுக்கக்கேட்டினால் இம்மாற்றம் நிகழவில்லை. முதலீடு இலாபத்தைக் கோரியது, இலாபத்துக்குக் கிடைத்த வழி அதுவாக இருந்தது.

இவ்வேலத்தின் விளைவை மாத்தளையிலேயே காணலாம். சிகிரியா 1982இலும் தம்புள்ளைக் குகைக் கோயில் 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டவை. இவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களில் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்கள் பல. பயணி தன் நாட்டிலிருந்தே சிகிரியாவில் அறை தேடுகின்றார். திரையின் மேற்பகுதியை ஏலத்தில் எடுக்கும் ஆற்றல் பன்னாட்டு முன்பதிவு நிறுவனங்களுக்கே உண்டு. கிராமத்து வீட்டுக்காரர் அந்நிறுவனத்துக்கு அறை வாடகையில் ஒரு பங்கைக் கொடுக்கின்றார்; அந்நிறுவனம் அதில் ஒரு பகுதியைக் கூகிளுக்குக் கொடுக்கின்றது; பயணியை அழைத்துவரும் சாரதிக்குரியது வேறு. கூகிளும் கொடுக்க வேண்டியிருந்தது: தனது தேடுபொறியே கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் முதலாவதாக அமைவதற்கு 2021இல் மாத்திரம் 2,630 கோடி அமெரிக்க டொலரை ஏனைய நிறுவனங்களுக்குச் செலுத்தியது என்பது அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. மாத்தளை வீதியின் கொமிசன் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டுமே என்று கூற எமக்கு ஆசைதான். ஆனால் உலகெங்குமுள்ள வீதிகள் யாவற்றுக்கும் ஒரே சாரதி அமர்ந்துவிடும்போது அளவின் வேறுபாடு தன்மையின் வேறுபாடாகின்றது.

இங்கு ஸ்மைத்தின் முடிவுக்கு மீள்வோம். தேடுபவர் உழைக்கிறார் என்பதைக் காட்டிலும், தேடுபொறி நிலவாடகை பெறுகின்றது என்பதே பொருத்தமான விளக்கம் என்பது எமது கருத்து. ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் நீர்வீழ்ச்சியை எடுத்துக்காட்டாகக் கொள்வார். வீழும் நீரின் விசையைப் பயன்படுத்தும் ஆலைக்காரன் ஏனையோரினும் கூடிய இலாபம் பெறுகின்றான். அந்த மேலதிகத்தை நீர்வீழ்ச்சி அமைந்த நிலத்துக்குரியவன் வாடகையாகப் பெறுகின்றான். நீரை அவன் உண்டாக்கவில்லை. மக்களின் தேடலும் அத்தகைய நீரே. அறையைப் பெருக்கித் துடைக்கும் கிராமத்துப் பெண்ணின் உழைப்பிலிருந்தே உபரி பிறக்கின்றது. தேடல் ஓடும் கரையில் வேலி போட்டவர் அதில் பங்கு பெறுகின்றார்.

காணொளியின் நிலை இதனின்றும் வேறு. ஏனெனில் அங்கு உழைப்பவர் கண்முன்னே நிற்கின்றார். யூடியூப் 2005 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஏப்ரல் 23இல் முதற் காணொளி ஏற்றப்பட்டது, ஒரு மிருகக்காட்சிச் சாலையில் எடுக்கப்பட்ட பத்தொன்பது விநாடிப் படம். 2006 ஒக்டோபரில் கூகிள் அதனை 165 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. 2007இல் காணொளிகளின் மீது விளம்பரம் தோன்றியது. ஆக்குவோருக்குப் பங்கு வழங்கும் திட்டமும், பிறருக்குரிமையான இசையையும் படத்தையும் தானாகவே கண்டறியும் பொறியும் அதே ஆண்டில் வந்தன. 2012இல், எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை விட எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதே காணொளியைப் பரிந்துரைக்கும் அளவுகோலாயிற்று. பின்னர் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் குறுங்காணொளிகள் வந்தன. 2023 பெப்ரவரியிலிருந்து அவற்றுக்கும் விளம்பர வருவாயில் பங்கு வகுக்கப்பட்டது. 2024இல் யூடியூப்பின் விளம்பர வருவாய் 3,600 கோடி டொலரைத் தாண்டியது.

இவ்வரலாற்றின் கொடுமுடி 2018. அவ்வாண்டின் தொடக்கத்தில், ஆயிரம் சந்தாதாரரும் பன்னிரண்டு மாதங்களில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் உள்ளவர்க்கே விளம்பரப் பங்கு என்ற விதி கொண்டுவரப்பட்டது. தோட்டத்து வாழ்வை அறிந்தவர்க்கு இது பழைய விதி. நிர்ணயித்த கிலோ கொழுந்தைப் பறிக்காதவளுக்கு அன்று முழுப் பேர் இல்லை. அரைப் பேரே செக்ரோலில் விழும். இணையத்தில் அரைப் பேரும் இல்லை. அத்துடன் நிற்கவுமில்லை. பங்குத் திட்டத்திற் சேராதவர்களின் காணொளிகளிலும் தான் விளம்பரம் இடலாம், அவ்வருவாயில் அவர்களுக்குப் பங்கில்லை என்று நிறுவனம் தன் விதிகளைத் திருத்தியது. அமெரிக்காவில் 2020இன் இறுதியிலும் ஏனைய நாடுகளில் 2021 நடுப்பகுதியிலும் இது நடைமுறைக்கு வந்தது. கிலோ குறைந்தவளின் கொழுந்தையும் தொழிற்சாலை எடுத்துக்கொள்ளும், கூலி மட்டும் இல்லை என்பதற்கு இது ஒப்பாகும். இவ்விடத்தில் வாடகை என்ற விளக்கம் போதாது. கூலியற்ற உழைப்பு என்றே இதனைக் கூறவேண்டும்.

ரத்தோட்டை அல்லது எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் இளைஞர், மாசி மாதத்துக் காமன் கூத்தைத் தம் கைப்பேசியிற் பதிவு செய்கிறார் என்று கொள்வோம். கம்பம் ஊன்றியது முதல் நாட்கணக்கில் தப்பு முழங்க நடந்து, இறுதி இரவில் தகனமும் ரதியின் புலம்பலுமாக விடியலைத் தொடும் கூத்து அது. அதன் காலக்கணக்கு வழிபாட்டினதும் கூட்டு வாழ்வினதும் காலக்கணக்கு. முழுவதையும் ஏற்றினால் பார்ப்போர் நடுவிலேயே விலகுவர். விலகினால் பொறி அதனைப் பிறருக்குக் காட்டாது. இடையில் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு திரைப்பாடல் கேட்டுவிட்டால், பாடலின் உரிமையாளர் விளம்பர வருவாய் முழுவதையும் கோரலாம், அல்லது காணொளியையே தடுக்கலாம். ஆகவே இளைஞர் வெட்டுகிறார். எமன் துள்ளும் காட்சி நிற்கும். எரியும் காட்சி நிற்கும். ரதியின் புலம்பல் போய்விடும், அது நீளமானது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனிக்கும் இதே கதிதான், எனினும் தேர் காட்சிப் பொருளாதலின் அதற்குச் சேதம் குறைவு. எதனை வெட்டுவது என்று எவரும் அவ்விளைஞருக்குக் கட்டளையிடவில்லை. கங்காணிக்கு முகம் இருந்தது. அவனையும் கணக்கப்பிள்ளையையும் ஏசிப் பாடிய தொழிலாளர் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்துச் சென்றனர். கணிப்பு விதியை ஏசி எவரும் பாடியதாக நாம் கேட்டதில்லை.

மொழியும் இங்கு ஒரு பண்டமாக எடைபோடப்படுகின்றது. தமிழ் இணையத்துக்கு முந்தி வந்த மொழிகளுள் ஒன்று என்று பெருமை பேசுவோர் உளர். ஆயினும் தமிழில் அமைந்த இணையப் பக்கங்களில் கூகிளின் விளம்பரம் இடம்பெறுவதற்கு 2018 வரை காத்திருக்க நேர்ந்தது; இந்தி 2014இலேயே அவ்வாய்ப்பைப் பெற்றிருந்தது. இரு மொழிகளின் இலக்கிய வளத்தையும் ஒப்பிட்டு இம்முடிவு எடுக்கப்படவில்லை. வாங்கும் ஆற்றலுடைய கண்கள் எத்தனை என்பதே கணக்கு. இக்கணக்கில் ரத்தோட்டைத் தமிழரின் கண், சென்னைத் தமிழரின் கண்ணுக்குச் சமமன்று. ரொறன்ரோத் தமிழரின் கண்ணுக்கு நிச்சயமாகச் சமமன்று. விளம்பரதாரர் நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை கொடுப்பதால், மலையகத்தைப் பற்றிய காணொளியும் வெளிநாட்டுப் பார்வையாளரை நோக்கியே வளைகின்றது: லயத்தின் வறுமை, தேயிலையின் பசுமை, கொழுந்து பறிக்கும் பெண்ணின் புன்னகை. தோட்ட மக்கள் தம்மைத் தாமே எழுத முனைந்த காலமும் ஒன்று இருந்தது. மாத்தளை வடிவேலன், மலரன்பன், மாத்தளை சோமு ஆகியோரின் சிறுகதைகள் அடங்கிய ‘தோட்டக் காட்டினிலே’ 1980இல் வெளிவந்தது. அத்தகைய நூல்கள் இலாபம் ஈட்டியதில்லை. ஆனால் அவற்றின் வாசகர், எழுதியவர்களோடு ஒரே மண்ணில் நின்றனர்.

2024 ஓகஸ்டில் தேடல் துறையிலும், 2025 ஏப்ரலில் விளம்பரத் தொழில்நுட்பத்திலும் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என அமெரிக்க நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. முதலாளித்துவச் சட்டமே இதனை ஒப்புக்கொண்டமை கவனிக்கத்தக்கது. எனினும் அவ்வழக்குகள் போட்டியாளரும் விளம்பரதாரரும் பதிப்பாளரும் அடைந்த நட்டத்தையே ஆராய்ந்தன. அரைப் பேரும் கிடைக்காதவர் அங்கு தரப்பினர் அல்லர்.

யூடியூப் தோன்றிய அதே 2005இலேதான் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி இலவசமாக வழங்கும் நூலகம் செயற்றிட்டமும் தொண்டர்களின் உழைப்பினால் தொடங்கியது. விளம்பரமின்றி, பார்வை நேரக் கணக்கின்றி அது இன்றும் நடைபெறுகின்றது. ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேகரிக்கின்றது. கூத்தை வெட்டாது முழுமையாகப் பதிவு செய்து, ஆடியோர், பாடியோர், தப்பு அடித்தோர் ஆகியோரின் சம்மதத்துடனும் தோட்டத்தின் பெயருடனும் அத்தகைய ஆவணகத்திலும் எமது பல்கலைக்கழக நூலகத்திலும் வைப்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இரண்டு கைப்பேசிகளும், தப்பின் ஒலியைத் தாங்கும் ஓர் ஒலிவாங்கியும், இரவு முழுதும் விழித்திருக்க நான்கு மாணவரும் போதும். அடுத்த மாசிக்கு முன்னர் எத்தோட்டங்களில் கூத்து இன்னும் ஆடப்படுகின்றது, ரதியின் புலம்பலை முழுவதும் பாடவல்லவர் எவரெவர் உளர் என்ற பட்டியலைத் தயாரிப்பதே முதல் வேலை.